உட்கார்ந்திருந்தவளின் ஓட்டு

“ஊர் மன்றத்தையே ஒத்த ஆளா கவுத்துட்டு வந்திருக்கேன் அண்ணே. உட்கார்ந்த இடத்துல இருந்தே!”

தையல்காரி இப்படிச் சொன்னதும், அவள் அண்ணன் வாயிலிருந்த டீயைத் துப்பாமல் விழுங்கியதே பெரிய காரியம். காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தொப்பலாக நனைந்தாலும், மழைதானா, யாராவது மாடியிலிருந்து தண்ணீர் ஊற்றுகிறார்களா என்று அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் குடை விரிப்பார்.

“சும்மா அளக்காத. மாற்றுத்திறனாளிகள் சங்கத்துப் பிரதிநிதின்னு கூப்பிட்டு ஒரு மூலையில இடம் குடுத்திருக்காங்க. நீ யாரைக் கவுத்தே?”

“என்னையேதான். என் தீர்மானத்தை.”

அவள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. சுகாதார நிலைய வாசலில் சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்தளம். அந்தப் படிகளோ வானத்து மேகங்களுக்கு வைத்தியம் பார்க்கக் கட்டிய உயரம். ஒவ்வொரு முறையும் அண்ணன்தான் அவளை மூட்டை மாதிரித் தூக்கிக்கொண்டு ஏறுவார். வரிசையில் நிற்கும் ஊரே இருமலை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கும். ஒரே ஒரு தடவை, தன் சக்கரத்தைத் தானே உருட்டிக்கொண்டு உள்ளே போய்விட வேண்டும். அவளுக்கு அதுதான் ஆசை.

அவளையும் சேர்த்தால் ஆதரவு ஓட்டு ஒன்று அதிகம். ஆனால் மன்றத்தில் ஒரு வழக்கம். தலைவர் பென்சிலால் மேஜையைத் தட்டி, “ஆதரிக்கிறவங்க எழுந்து நில்லுங்க” என்பார். உட்கார்ந்திருக்கும் தலையெல்லாம் எதிர்ப்பு. தையல்காரி உட்கார்ந்திருந்தாள். தீர்மானம் ஒரே ஓட்டில் படுத்துவிட்டது.

“வாயில என்ன கொழுக்கட்டையா? கத்த வேண்டியதுதானே?”

“கத்தினேனே! கூரையில ரெண்டு ஓடு பெயர்ந்து விழுந்துச்சு. ‘விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா’ன்னுட்டார் தலைவர். அப்புறம் என் சேவையைப் பாராட்டி எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க. எழுந்து நின்னு, அண்ணே! ‘இப்ப எண்ணுங்க’ன்னேன். ஒருத்தரும் எண்ணலை.”

“புளுகுறதுக்கும் ஒரு அளவு வேணும்” என்று அண்ணன் டம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

அடுத்த கூட்டத்துக்குத் தையல்காரி புதுத் தீர்மானம் கொண்டுபோனாள்: இனி கை தூக்கி ஓட்டுப் போடலாம். கூடம் மாடியில். அண்ணன்தான் சுமந்து ஏற்றி, இந்த முறை கீழே காத்திருக்காமல் பார்வையாளர் பெஞ்சில், அவளுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தார்.

பென்சில் தட்டியது. “ஆதரிக்கிறவங்க எழுந்து நில்லுங்க.”

போன முறை எழுந்தவர்களே எழுந்தார்கள். தையல்காரி இரண்டு கையையும் உயர்த்தினாள். தலைவரின் பென்சில் அவளைத் தாண்டிப் போயிற்று.

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. பாய்ந்து வந்து, அவள் அக்குளில் கை கொடுத்து அப்படியே தூக்கி நிறுத்தினார். “இதோ நிக்கிறா! எண்ணுங்க சார்!”

தலைவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். கோபமே இல்லை, அவ்வளவு மரியாதை. “தானா நிக்கணும் சார். நீங்க நிறுத்தினா அது உங்க ஓட்டு. நீங்க உறுப்பினர் இல்லையே.”

ஒரே ஓட்டில் அதுவும் தோற்றது.

இறங்கும்போது பாதி மாடிப்படியில் அண்ணன் நின்றுவிட்டார். அவளைப் படியில் உட்கார வைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்தார்.

“என்ன அண்ணே, முதுகா?”

“முதுகு இல்ல.” துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். “அன்னிக்கு நீ சொன்னதுல ஒரு வார்த்தை பொய்யில்லம்மா.”

“ஓடு விழுந்தது?”

“ரெண்டு இடம் ஓட்டையா இருக்கு. அண்ணாந்து பார்த்தேன்.”