அழித்த வரியும் சேர்த்த வரியும்

மஞ்சள் விலகிவிட்டது. ஆனால் அதன் அடியில் இருந்திருக்க வேண்டிய சிவப்பையும் பச்சையையும் காணோம். கார்த்திகா திரைக்கு இன்னும் அருகே குனிந்தாள்.

நிரல் எழுதும் எடிட்டருக்கு அந்தக் கலர் ஸ்கீமை உருவாக்கியவளே அவள்தான். ஒதியம்பட்டு வீட்டிலிருந்தே அவள் வேலை பார்க்கும் குழுவில் எல்லோரும் அதைத்தான் வைத்திருந்தார்கள். அழித்த வரிக்குச் சிவப்பு, புதிதாகச் சேர்த்த வரிக்குப் பச்சை, தேடும் சொல்லுக்கு மஞ்சள். ஒரே இடத்தில் இரண்டு நிறம் வந்து விழுந்தால் மஞ்சள் மற்றதை விழுங்கிவிடுகிறது என்று புகார். எது மேலே, எது கீழே என்று வரிசையை மாற்றினாள். மஞ்சளை வெறும் அடிக்கோடாக்கினாள். அத்தோடு தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் அழித்த வரியும் சேர்த்த வரியும் ஒரே மண் நிறத்தில் கிடந்தன. காலையிலிருந்து மாற்றி மாற்றிப் பார்த்து அலுத்துப்போய், உடன் வேலை செய்யும் புகழ்வேந்தனுக்கு அனுப்பிவிட்டு அழைத்தாள்.

“இன்னா மேடம், சூப்பரா இருக்கே. மஞ்சள் இப்ப எதையும் மறைக்கல.”

“செவப்பும் பச்சையும் ஒண்ணா தெரியுது பாரு.”

“பளிச்சுனு தனித்தனியா தெரியுது மேடம். உங்க ஸ்கிரீன் போயிடுச்சா?”

கைப்பேசியில் திறந்தாள். அங்கேயும் மண் நிறம். மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்த கணவன் ராஜ்மோகனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“இது செவப்பு, இது பச்ச. சின்னப் புள்ளையாண்ட கேக்கற மாரி கேக்குற?”

அவள் எழுந்து கொல்லைக்கு ஓடினாள். செம்பருத்தி பூத்திருந்தது. கிட்டே போய், இதழ் விரிந்திருந்த விதத்தை வைத்துத்தான் பூ எது, இலை எது என்று பிரிக்க முடிந்தது. நேற்றுகூடத் தக்காளி பொறுக்கி வாங்கினாளே! கையால் அமுக்கிப் பார்த்தல்லவா வாங்கினாள். தக்காளி சிவப்பு என்று மனசுக்குத் தெரிந்திருந்ததால், கண்ணை ஒரு வார்த்தை கேட்கவே இல்லை.

மழைக்காலத்திலிருந்து டிபிக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். இருமல் நின்று, உடம்பும் தேறியிருந்தது. கண்ணில் ஏதாவது வித்தியாசம் தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும் என்று மாத்திரை கொடுக்கும் நர்ஸ் காசம்மாள் முதலிலேயே சொல்லியிருந்தாள். பார்வை மங்குவதைச் சொல்கிறாள் என்றுதான் கார்த்திகா நினைத்திருந்தாள். காசம்மாளுக்கே போன் போட்டாள்.

“எழுத்து தெரியுதாம்மா?”

“தெரியுதுக்கா. கலருதான்…”

காசம்மாள் அவளை முடிக்க விடவில்லை.

“டாக்டர் பாக்குற வரைக்கும் மாத்திரைய தொடாத. இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கெளம்பி வா. நான் டாக்டராண்ட சொல்லி வைக்கிறேன்.”

“சரியாயிடுமாக்கா?”

“சீக்கிரம் கண்டுபுடிச்சா திரும்பி வரும்னு சொல்வாங்க. நீ மொதல்ல வா.”

ராஜ்மோகன் தட்டில் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுத்தான். வழியெல்லாம் அவள் எதையும் பார்க்கவில்லை; அவன் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கண் டாக்டர் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை விரித்து அவள் முன்னே வைத்தார். வட்டம் நிறையப் புள்ளிகள், சிறிசும் பெரிசுமாக.

“இதுல இன்னா நம்பர் தெரியுதும்மா?”

அவளுக்கு நம்பர் எதுவும் தெரியவில்லை. பின்னால் நின்ற ராஜ்மோகனின் உதடு நம்பரைச் சொல்லத் தன்னையறியாமல் குவிந்தது. டாக்டர் அவனைப் பார்த்துக் கையமர்த்தினார். கார்த்திகா நம்பரைத் தடவியாவது கண்டுபிடிக்க ஒரு விரலைப் புள்ளிகளின் மேல் வைத்து, மெல்ல மெல்ல நகர்த்தினாள்.