சஜீதா திருத்திய சாக்ஸபோன்

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னது மேர்சி அக்கா. சுவிஸில், துன் ஏரிக்கரையில் ஒரு ஹோட்டலின் சலவை அறையில் நானும் அவரும் படுக்கை விரிப்பு மடிக்கிறவர்கள். விரிப்பின் இரண்டு முனை அவர் கையில் இருக்கும், மற்ற இரண்டும் என் கையில். அப்படி நின்றுகொண்டு அவர் இதை ஒரு பகிடியாகத்தான் சொன்னார்.

"எங்கட சுமித்ராவின்ர மகள் இருக்கிறாளெல்லே, சஜீதா, வாத்தியம் திருத்தப் படிக்கிறவள். சிறீதரன் அண்ணையின்ர சாக்ஸபோனை அந்தமாதிரி, புதுசு போலத் திருத்திக் குடுத்திட்டாள். இப்ப அவரால அதை வாசிக்கேலாது."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மேர்சி அக்காவும் சிரித்தார். பிறகு முனைகளை ஒன்றுசேர்க்க என்னை நோக்கி நடந்து வந்து, "அவருக்கு வலக்கையில மோதிர விரல் இல்லைத்தானே" என்றார். என் கையிலிருந்த முனைகளை வாங்கிக்கொண்டு அடுத்த விரிப்பை எடுக்கப் போனார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சிறீதரன் அண்ணையை எனக்கு வருடக்கணக்காகத் தெரியும். மட்டக்களப்பு ஆள், முதியோர் இல்லமொன்றில் வேலை, சனி ஞாயிறுகளில் கல்யாண வீடுகளில் தவிலோடு சேர்ந்து சாக்ஸபோன் வாசிப்பார். முன்வரிசையில் இருந்து கேட்டிருக்கிறேன், கை தட்டியிருக்கிறேன். அவருக்கு ஒரு விரல் இல்லை என்பது எனக்குத் தெரியாது. அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று அன்றே உட்கார்ந்தேன். அது இன்னும் அடங்கவில்லை, கதையும் முடியவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

[மட்டக்களப்பில் ஒரு மழைக்காலக் காலைப்பொழுது. சிறீதரன் என்ற இளைஞன் வாவிக்கரை வழியாக]

எங்கே போகிறான் என்று எனக்குத் தெரியவில்லை. விரல் எப்படிப் போனது என்று மேர்சி அக்கா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாங்கள் அதைக் கேட்பதில்லை. என்ன சம்பளம், என்ன விசா, பிள்ளைக்கு ஏன் இன்னும் கல்யாணம் சரிவரவில்லை என்று எல்லாம் கேட்போம். இதை மட்டும் கேட்க மாட்டோம். போர்க்கால ஷெல்லாக இருக்கலாம், அரிசி ஆலையாக இருக்கலாம், கார்க் கதவாகவும் இருக்கலாம். ஷெல் என்று எழுதினால் நீங்கள் உடனே நம்பிவிடுவீர்கள். அதனால்தான் எழுதவில்லை.

இரண்டாவது தொடக்கம்:

[சஜீதா அந்தச் சாக்ஸபோனை ஒரு குழந்தையைத் தூக்குவதுபோல்]

இல்லை. நான் அறிந்த சஜீதா அப்படிப்பட்ட பிள்ளை இல்லை. எதையும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டாள், கழற்றியதைத் திரும்பப் பூட்டாமலும் விடமாட்டாள். துன்னில் பிறந்து வளர்ந்தவள். பள்ளிக்கூடம் முடிந்ததும் காற்று வாத்தியங்கள் திருத்தும் பட்டறை ஒன்றில் தொழில் பழகச் சேர்ந்தாள். இடையிடையே சில வாரங்கள் தொழிற்பள்ளிக்கும் போக வேண்டும். மகள் என்ன படிக்கிறாள் என்று கோயிலில் கேட்டவர்களுக்குச் சுமித்ரா முதல் வருடம் முழுக்க "மியூசிக்" என்று மட்டும் சொல்லிச் சமாளித்தார்.

மூன்றாவது தொடக்கம் பரவாயில்லை. இதோடு போகிறேன்:

அந்தப் பெட்டியைத் திறந்ததும் சஜீதாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

3

தொழிற்பள்ளியில் அந்த முறை ஒவ்வொருவரும் ஒரு வாடிக்கையாளரின் வாத்தியத்தைக் கொண்டுவந்து முழுதாகத் திருத்திக் காட்ட வேண்டும். புள்ளி உண்டு. சஜீதாவுக்கு வாத்தியம் தேடிக் கொடுத்தது சுமித்ரா. கோயிலில் சாப்பாட்டு வரிசையில் சிறீதரனைக் கண்டு கேட்டிருக்கிறார்.

"மேல ஒரு மெத்தை கிழிஞ்சு போச்சு. அதை மாத்தித் தந்தாக் காணும்" என்று அவர் சொன்னார். மெத்தை என்பது சாக்ஸபோனின் துளைகளை மூடும் மூடிகளுக்கு அடியில் இருக்கும் தோல் வட்டு.

சுமித்ரா வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னது வேறு. "அவர் பாவம், எவ்வளவு காலமா அதை வச்சு இழுத்தடிக்கிறார். புதுசு மாதிரிச் செய்து குடு."

வகுப்பில் பெட்டிக்குள் கிடந்ததைப் பார்க்க ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். கீழே, வலக்கைப் பக்கத்தில், ஒரு பொத்தானின் மேல் தேக்கரண்டியின் காம்பு ஒன்று ஈயத்தால் ஒட்டப்பட்டு ஓரமாக நீண்டிருந்தது. அதற்கு அடுத்து விரலால் அழுத்தும் இரண்டு நெம்புகள் வெளிப்பக்கமாக வளைக்கப்பட்டு, சைக்கிள் டியூப் துண்டு சுற்றி, செப்புக் கம்பியால் கட்டப்பட்டிருந்தன. ஒட்டு ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவில் திரண்டிருந்தது. யாரோ ஒரு பையன் தன் கைத்தொலைபேசியை எடுத்துப் படம் பிடித்தான்.

ஆசிரியர் ஹெர் ஏபி குனிந்து பார்த்தார். "யார் செய்த வேலை இது?"*

"தெரியாது" என்றாள் சஜீதா. "ஊரில ஆரோ."

அவள் ஊரைக் கண்டதே இல்லை. ஆனால் அந்தக் கரண்டிக் காம்பை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் அது தன் வீட்டுச் சாமான்போல அவளுக்குத் தோன்றியது. உள்ளாடை கொடியில் காய்வதை வகுப்பே பார்ப்பது மாதிரி இருந்தது. அதைக் கெதியாக அகற்றிவிட வேண்டும் என்று நினைத்தாள். தான் என்ன செய்யப்போகிறாள் என்று அந்த நிமிடமே முடிவாகிவிட்டது.

* ஹெர் ஏபி, அதாவது திரு. ஏபி, பேர்ண் நகரத்து ஜெர்மன் கதைக்கிறவர். இந்தக் கதையில் அவரைத் தமிழ் கதைக்க வைத்திருக்கிறேன். அவர் அறிந்தால் மறுக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

4

இந்தப் பகுதியை இரண்டு தடவை அழித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன். மேர்சி அக்கா சொல்லாத ஒன்றை இங்கே நான் சேர்க்கிறேன்.

அந்தப் பள்ளியில் ஒரு நடைமுறை உண்டு. வாத்தியத்தில் கைவைப்பதற்கு முன் அதன் சொந்தக்காரரை இருத்தி, வாசிக்கச் சொல்லி, அவருடைய கையைப் பார்க்க வேண்டும். கேட்பது இரண்டாம் பட்சம். முதலில் கையைப் பார்க்க வேண்டும்.

"வாசிக்கச் சொல்லிப் பார்த்தாயா?" என்று ஹெர் ஏபி கேட்டார்.

"ஓம்" என்றாள் சஜீதா.

சஜீதா பொய் சொல்லுகிறவளா? இல்லை. பிறகு ஏன் சொல்ல வைத்தேன்? யோசித்துப் பாருங்கள். சிறீதரன் அண்ணைக்குச் சபையில் பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள். அவருக்கு முன்னால் நேற்றுப் பிறந்த பிள்ளை ஒன்று போய் நின்று, "மாமா, வாசியுங்கோ, நான் பாக்கிறன்" என்று சொல்வதா? அவரைச் சோதனை எழுத வைப்பதுபோல் ஆகிவிடும். சுமித்ராவின் காதில் விழுந்தால் வீடு இரண்டுபட்டிருக்கும். சஜீதா மரியாதையான பிள்ளை. அந்த மரியாதையால்தான் இவ்வளவும் நடந்தது என்று எனக்குப் படுகிறது. அவள் கேட்காமலே விட்டு, ஒரு கல்யாண வீடியோவில் அவர் வாசிப்பதைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டாள். வீடியோவில் அவருடைய வலக்கையைத் தவில்காரரின் தோள் மறைத்துக்கொண்டிருந்தது.

(வீடியோவும் என் கற்பனைதான். தோளும்.)

5

வேலை அருமையாக நடந்தது.

ஈயத்தை உருக்கிக் காம்பை எடுத்தாள். கம்பியை வெட்டினாள். வளைந்த நெம்புகளைத் தொழிற்சாலைப் படத்தோடு ஒப்பிட்டு, இருந்த இடத்துக்கே கொண்டுவந்தாள். மெத்தைகள் முழுவதையும் மாற்றினாள். அறையை இருட்டாக்கிக் குழலுக்குள் விளக்குத் தண்டை விட்டு, ஒவ்வொரு மூடியாக அழுத்திப் பார்த்தாள். ஒரு மூடியின் ஓரத்திலும் வெளிச்சம் கசியவில்லை. கழற்றியவற்றைப் பள்ளி வழக்கப்படி பித்தளை ஒரு பெட்டியிலும் இரும்பு ஒரு பெட்டியிலும் டியூப் துண்டைக் குப்பையிலும் பிரித்துப் போட்டாள். பெட்டிகள் அந்த வாரமே பழைய இரும்புக்குப் போயின.

ஆறு புள்ளிக்கு ஐந்தரை கிடைத்தது. ஹெர் ஏபி அதைப் படமெடுத்து நடைவழிப் பலகையில் ஒட்டினார். சஜீதாவுக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுமித்ரா "மகள் இன்ஸ்ட்ருமென்ட் ரிப்பேர் படிக்கிறா" என்று நாலு பேருக்குக் கேட்கும்படி சொன்னார்.

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட எனக்கு ஆசையாக இருக்கிறது. எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள்.

6

ஒரு சனிக்கிழமை பின்னேரம் சிறீதரன் சுமித்ரா வீட்டுக்கு வந்தார். மறுநாள் ஃப்ரிபூர்க்கில் ஒரு கல்யாணம், அவர் வாசிக்க வேண்டும். சுமித்ரா தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனார்.

சஜீதா பெட்டியைத் திறந்தாள்.

"அட, மினுங்குது" என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. பட்டியைக் கழுத்தில் மாட்டினார், இடக்கையை வைத்தார், பிறகு வலக்கையை வைத்தார்.

அப்போதுதான் அவள் கண்டாள். இது குளிர் நாடு, எல்லோருடைய கையும் ஜாக்கெட் பைக்குள்தான் கிடக்கும், யார் கவனித்தார்கள். நடு விரலுக்கும் சின்ன விரலுக்கும் நடுவில் வெறுமையாக இருந்தது. சின்ன விரல் தன் பழக்கப்படி போய், கரண்டிக் காம்பு இருந்த இடத்தை அழுத்தியது. அங்கே ஒன்றும் இல்லை. திரும்பவும் அழுத்தியது. உள்ளங்கையின் ஓரம், முன்பு வெளியே வளைந்து நின்ற நெம்புகளைத் தேடிக் குழலின் பக்கமாகத் தடவியது.

அவர் ஊதினார். இடக்கைச் சுரங்கள் பளிச்சென்று வந்தன. அந்த வாத்தியத்தில் அவை ஒருநாளும் அவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை. கீழே இறங்கிவந்த சுரம் ஓரிடத்தில் அறுந்தது. அவர் மறுபடி தொடங்கினார். அதே இடத்தில் மறுபடி அறுந்தது.

"கேக்கவே வடிவாக் கிடக்கு அண்ணை" என்றார் சுமித்ரா, குசினியிலிருந்து.

"ஓம் தங்கச்சி. நல்ல வேலை" என்றார் சிறீதரன். வாத்தியத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். வலக்கை ஜாக்கெட் பைக்குள் போய்விட்டது.

சஜீதா அந்த ஜாக்கெட் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருட்டறையில் ஒவ்வொரு மூடியாகப் பார்த்தவள், இந்த மனிதரை ஒரு தடவையும் பார்க்கவில்லை.

"மாமா, அந்தக் கரண்டி..."

"அது பழசுதானே மகள். பரவாயில்லை."

"நாளைக்கு?"

"நாளைக்கு எங்களோட வாற பெடியன் அபிசன் வாசிப்பான். அவன்ர நாதஸ்வரம் இருக்குத்தானே. எனக்கும் வயசு போகுது." அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

எனக்கு இந்தக் கதையில் மிகப் பெரிய அதிர்ச்சி அந்தச் சிரிப்புத்தான். அவர் கோபித்திருந்தால் எனக்கு எழுதச் சுலபமாக இருந்திருக்கும். விரலைப் பற்றி வாய் திறப்பதைவிட வாசிப்பதையே விட்டுவிடுவது அவருக்கு லேசாக இருந்திருக்கிறது. பிள்ளை மனம் நோகக் கூடாது, தேத்தண்ணி ஆறக் கூடாது, அவ்வளவுதான்.

7

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

அ. சஜீதா பட்டறைக்கு ஓடிப்போய்ப் பழையபடி எல்லாவற்றையும் செய்து [விடிவதற்குள் அவர் வீட்டு வாசலில்] முடியாது. அவள் என்னதான் கெட்டிக்காரியாக இருந்தாலும், அந்தக் காம்பு எவ்வளவு நீண்டிருந்தது, எந்தக் கோணத்தில் நின்றது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. வகுப்புப் பையனின் படத்தில் பாதி அவனுடைய பெருவிரல்.

ஆ. ஹெர் ஏபி விஷயமறிந்து, பள்ளி முழுவதும் சேர்ந்து, அவருக்கென்றே ஒரு சாக்ஸபோன் செய்து கொடுக்கிறது. பத்திரிகையில் படம் வருகிறது. இதை எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது.

இ. மறுநாள் மணவறைக்கு முன்னால் சிறீதரன் இடக்கைச் சுரங்களை மட்டும் கொண்டு ஒரு ராகத்தை வாசிக்கிறார், மண்டபமே கண் கலங்குகிறது. இது எனக்கு நன்றாகப் பிடித்திருந்தது. இரண்டு நாள் வைத்திருந்தேன். பிறகு எங்கள் ஆட்களை நினைத்துப் பார்த்தேன். தாலி கட்டி முடிந்தவுடன் சாப்பாட்டு மேசைக்கு ஓடுகிறவர்கள் கண் கலங்க மாட்டார்கள். கிழித்துப் போட்டேன்.

கடைசியில் மேர்சி அக்காவையே கேட்டேன்.

"பிறகு என்ன நடந்தது?"

"எனக்கெப்பிடித் தெரியும்? அவள் அவரைக் கேட்டிட்டாளாம். சுமித்ராவுக்கு இன்னும் நெஞ்சு பதறுதாம்."

"என்னத்தைக் கேட்டவள்?"

மேர்சி அக்கா சொன்னார். விரிப்பை மடிக்காமல் கையில் பிடித்தபடியே நின்று சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன், பொய்யைப் பற்றிய வரி மட்டும் என்னுடையது.

8

சோபாவில் இருந்த சிறீதரன் புறப்படப் பார்த்தார். சஜீதா எழுந்து அறைக்குப் போய், தன் கருவிப் பையிலிருந்து வேணியரை எடுத்துக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடத்தில் நாங்கள் பென்சிலின் விட்டம் அளந்தோமே, அந்த இடுக்கிமானிதான். அவருக்கு முன்னால் கம்பளத்தில் முழங்காலூன்றி இருந்தாள்.

"நீங்க மெத்தை ஒண்டு மாத்தத்தான் கேட்டனீங்க. நான் உங்களை வாசிக்கச் சொல்லிப் பாக்கேல்ல. பாத்தனான் எண்டு படிப்பிக்கிற சேருக்குப் பொய் சொன்னனான்." வேணியரின் திருகைத் தளர்த்தினாள். "மாமா, உங்கட வலக்கையை ஒருக்காத் தாங்கோ. நான் அளக்கவேணும்."

"சஜீ" என்றார் சுமித்ரா. தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றார். அந்த ஒரு சொல்லை எங்கள் தாய்மார் எந்தத் தொனியில் சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

இந்த வரியை என்னால் தாண்ட முடியவில்லை.

[சிறீதரன் மெல்லத் தன் கையை]

[சிறீதரன் எழுந்து, "நேரமாகுது தங்கச்சி"]

இரண்டையும் எழுதிப் பாதியில் விட்டேன். மேர்சி அக்காவுக்கும் இதற்கு மேல் தெரியாது. சுமித்ரா சொல்ல மறுத்துவிட்டாராம். சிறீதரன் அண்ணையிடமே போய்க் கேட்கலாம்தான். போன கிழமை பஸ்ஸில் அவரைக் கண்டேன். சுகமோ என்று கேட்டேன். ஓம் என்றார். இரண்டு பேரும் ஏரியைப் பற்றிக் கதைத்துக்கொண்டு போனோம்.

ஆகவே இதை நீங்கள்தான் முடிக்க வேண்டும். சுமித்ராவின் சோபாவில், சிறீதரன் அண்ணைக்குப் பக்கத்தில், நீங்கள் இருக்கிறீர்கள். சஜீதா வேணியரை விரித்துப் பிடித்திருக்கிறாள். ஜாக்கெட் பை கொஞ்சம் அசைந்தது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. அந்தக் கை வெளியே வந்தால் முதலில் காணப்போவது நீங்கள்தான். தயவுசெய்து கண்ணைத் திருப்பித் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்க்காதீர்கள்.