திருப்பிக் கொடுத்தவன்

அன்று வாசலில் இருந்தவர்கள் நான், என் மகன், மருமகள், எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன், வசூலுக்கு வந்த ஒருவன். அந்த ஒருவனை எங்கள் தெருவில் 'தகரம்' என்பார்கள். தகர உண்டியலைக் குலுக்காமல் அவனுக்குப் பேச்சு வராது. வேறு யாரும் அங்கே இல்லை. இருந்தும் தெருவே கண்ணால் கண்டதுபோலப் பேசுவதால் இதை எழுதுகிறேன்.

நான் பஸ் பணிமனையில் மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். என் பென்ஷனும், பழைய இரும்புக் கிடங்கில் மகன் வாங்கும் கூலியும்தான் வீட்டு வருமானம். கேட்டு வருகிறவர்களுக்கு அது தெரியாது, தெரியவும் வேண்டாம். அநாதை இல்லம், புற்றுநோய் மருத்துவமனை, வெள்ள நிவாரணம், கால் ஒடிந்த நாய்களுக்கான காப்பகம் என்று வாரம் முழுக்க வருவார்கள். வர முடியாதவர்கள் போனில் கூப்பிடுவார்கள். என் வாசலில் யாருக்கும் 'இல்லை' என்று சொன்னது கிடையாது.

மருமகள் ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். பென்ஷன் வந்ததும் தர்மத்துக்கென்று ஒதுக்கியதை மருந்துக்கடைக் காகிதக் கவர்களில் பிரித்துப் போட்டு அலமாரியில் அடுக்குவாள். வருகிறவருக்கு ஒரு கவர். கவர் தீர்ந்தால் அந்த மாதத் தர்மமும் தீர்ந்தது. பாதி மாதத்திலேயே தீர்ந்துவிடும். அதற்குமேல் நான் என் வழியில் சமாளிப்பேன்.

அன்று மாலை மகன் கிடங்கிலிருந்து ஒரு சங்கிலியும் கனத்த பழைய பூட்டும் கொண்டுவந்து கேட்டில் மாட்டத் தொடங்கினான்.

"எதுக்குடா பூட்டு?"

"உண்டியல் தூக்கிட்டு வர்றவனுக்கு. இனி எவனாவது உள்ள கால வச்சான், அந்தக் கால ஒடச்சு அவன் கையிலயே குடுத்துடுவேன். நாய்க் காப்பகத்துல போய்ச் சேந்துக்கட்டும்."

எதிர்வீட்டில் ஏணிமேல் நின்று ஒயர் இழுத்துக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் சிரித்தார். நான் மகன் கன்னத்தில் அறைந்தேன். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அவன் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான்.

"அடிங்க, நல்லா அடிங்க. ஊருக்கு வள்ளல், வீட்டுக்கு வில்லன்."

முழங்கையால் அவன் நெஞ்சில் இடித்துப் பூட்டைப் பிடுங்கினேன். அப்போது உண்டியல் சத்தம் கேட்டது.

"பெரியவரே, கண்ணு தெரியாத புள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது பாத்துப் போடுங்க," என்றான் தகரம்.

"கவர் தீந்துபோச்சு. அடுத்த மாசம் வா," என்றான் மகன்.

"வள்ளல் வீட்லயே காலியா? அப்ப இனிமே என் வீட்டுக் கதவ எவன் தட்டப்போறான், தப்பிச்சேன்," என்றார் எலக்ட்ரீஷியன்.

நான் உள்ளே போய், அலமாரியில் கைக்குக் கிடைத்த கவரை எடுத்துவந்தேன். ஒன்று மிச்சம் இருந்திருக்கிறது என்று நினைத்தேன். மருமகள் குறுக்கே வந்தாள்.

"மாமா, அது அந்தக் கவர் இல்ல."

"வழிய விடும்மா."

தகரத்தின் கையில் கொடுத்தேன். அவன் பணத்தை உண்டியலில் போடுவதற்காகக் கவரைப் பிரித்து உள்ளங்கையில் கவிழ்த்தான். நோட்டுகளோடு பாதிப் பாதியாக நறுக்கிய மாத்திரைகள் விழுந்தன. என் ரத்த அழுத்த மாத்திரைகள். முழு மாத்திரைக்குப் பதிலாகப் பாதி போட்டுக்கொண்டு, அதில் மிச்சம் பிடித்துத்தான் மாதக் கடைசியில் வருகிறவர்களுக்குக் கொடுத்துவந்தேன். அது மாத்திரையும் மாத்திரைக்கான பணமும் வைக்கும் மருந்துக் கவர் என்று மருமகளுக்குத் தெரியும். நான் நறுக்குவது தெரியாது.

தகரம் உண்டியலைக் குலுக்காமல் பேசினான்.

"மாத்திரைய வெட்டிச் சாப்பிட்டுத்தானா எங்களுக்குக் குடுக்கறீங்க? வேணாம் பெரியவரே. நீங்களே வச்சுக்கங்க."

சட்டைப்பையிலிருந்து தன் நோட்டு ஒன்றையும் எடுத்து அதன்மேல் வைத்து, என் இடது கையில் திணித்து விரல்களை மூடினான். ஏணிமேல் இருந்தவர் இந்த முறை சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வலது கையில் பூட்டு இருந்தது. அதைக்கொண்டு தகரத்தின் வாயில் அடித்தேன். பல் தெறித்துப் படியில் விழுந்தது. குனிந்தவனின் காதுமேல் இன்னொரு முறை அடித்தேன். அவன் கண்மண் தெரியாமல் உண்டியலை வீசினான். விலக்க வந்த மகனின் புருவம் பிளந்தது. மூன்றாவது அடிக்குக் கை ஓங்கினேன்.

"மாமா, செத்துருவான்," என்று மருமகள் என் கையில் தொங்கினாள். அவளையும் உதறினேன். அவள் கேட்டில் மோதி விழுந்தாள். மகன் என் கழுத்தில் கைபோட்டுச் சுவரோடு நெரித்தான். அவன் ரத்தம் என் சட்டையில் சொட்டியது.

"பாதி மாத்திரையாப்பா? எத்தன நாளா?"

 நான் பூட்டைக் கீழே போட்டதும் அவன் பிடியைத் தளர்த்தினான். மூச்சு வந்தது. என் கையிலிருந்து விழுந்த நோட்டுகள் படியில் ரத்தத்தில் நனைந்து கிடந்தன.

"அவன் நோட்ட அவன் பையில வைம்மா. நம்ம பணத்த உண்டியல்ல போடு," என்றேன்.

மருமகள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னபடி செய்தாள். எலக்ட்ரீஷியன் இறங்கிவந்து தகரத்தை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். உண்டியலும் கூடவே போனது.

கொடுக்க வக்கில்லாமல், வசூலுக்கு வந்தவனை அப்பனும் மகனும் சேர்ந்து அடித்தார்கள் என்று தெருவில் பேசுகிறார்கள். மகன் அவன்மேல் கை வைக்கவில்லை. அடித்தவன் நான் மட்டும்தான். பணம் கொடுத்தாயிற்று.