மூன்றாவது காபி

ஷெஃபிகா முதன்முதலாக என் கதவைத் தட்டியபோது கேட்டது ஒரு டம்ளர் தண்ணீர். பார்த்தது என் சமையலறை ஜன்னலை.

"ஜன்னலை நல்லா சுத்தமா வச்சிருக்க," என்றாள். "பள்ளிக்கூடத்துப் பின்வாசல் அப்படியே தெரியுது."

அவள் யாரென்று சொல்லத் தேவையில்லை. போர் நடந்த தொண்ணூற்றைந்து ஜூலையில் எங்கள் பிரெஸோவா பள்ளிக்கூடத்தில் செர்பியப் படைக்காரர்கள் முஸ்லிம் ஆண்களை பஸ் பஸ்ஸாகக் கொண்டுவந்து அடைத்தார்கள். மறுநாள் பின்வாசல் வழியாக லாரிகளில் ஏற்றினார்கள். வயலுக்குப் போன லாரிகள் காலியாகத் திரும்பின. அதில் ஷெஃபிகாவின் கணவரும் இரண்டு மகன்களும் போனார்கள்.

பின்வாசலைப் பார்த்திருக்கும் வீடு ஊரில் ஒன்றே ஒன்று. செர்பிய விதவை மிலோய்காவின் வீடு. என்னுடையது.

வாசலில் நின்று தலையை எண்ணி ஏற்றியவன் ரட்டோமிர். என் கணவரின் தம்பி.

எங்கள் பக்கம் விருந்தாளிக்கு மூன்று காபி. முதலாவது வரவேற்க, சர்க்கரைக் கட்டியும் இனிப்புத் துண்டும் கூட வரும். இரண்டாவது பேச. மூன்றாவது வெறும் காபி. அது வந்துவிட்டால் எழுந்துகொள்ள வேண்டும். அதற்குப் பிறகும் உட்கார்ந்திருப்பவருக்கு ரோஷம் இல்லையென்று அர்த்தம்.

நான் ஷெஃபிகாவுக்கு நேரே மூன்றாவதை வைத்தேன்.

கோப்பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "வந்ததுமே வழியனுப்பா? பரவாயில்ல, பஸ் பிடிக்க வசதி."

வண்டல் வரை குடித்தாள். போய்விட்டாள்.

அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை மறுபடி வந்தாள். அதற்கடுத்த மாதமும். ஏழு வருஷம்.

ஒரு ஜனவரியில் பனி கொட்டி பஸ் பாதியில் நின்றுவிட்டது. காலுறைக்கு மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு நாலு மைல் நடந்து வந்தாள். அன்றைக்கும் மூன்றாவதைத்தான் வைத்தேன்.

"உன்கிட்ட வேற காபியே கிடையாதாடி?" என்று சிரித்தாள். திட்டியதில்லை. அழுததில்லை. ஜன்னலைத் தாண்டி ஒரு வார்த்தை கேட்டதுமில்லை. அவள் போனதும் நான்தான் ஜன்னல் திரையை இழுத்து மூடுவேன். இவள் என்ன பிறவி?

ஏழாம் வருஷம் ரட்டோமிர் மேல் இனப்படுகொலை வழக்கு வந்தது. இரண்டு சாட்சிகள் பல்டி அடித்தார்கள். கண்ணால் கண்டவர் ஒருவராவது வராவிட்டால் மூன்று வாரத்தில் அவன் விடுதலை.

ஜாமீனில் இருந்தவன் அந்தத் திங்கட்கிழமை காலையிலேயே என் வீட்டுக்கு வந்தான்.

"அண்ணி, அன்னைக்கு உங்க ஜன்னல் திரை மூடித்தானே இருந்துச்சு?"

கூரையை அண்ணாந்து பார்த்தான்.

"அண்ணன் போனப்புறம் இந்தக் கூரைய நான்தான் போட்டேன். போட்டவனுக்குப் பிரிக்கவும் தெரியும்."

அவன் போன ஒரு மணி நேரத்தில் ஷெஃபிகா வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். எனக்குள் ஒரே இரைச்சல். அடுப்பு, தண்ணீர், தூள் என்று கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. கொண்டுபோய் வைத்தேன்.

அவள் தொடவில்லை.

"மிலோய்கா, தப்பா வச்சுட்ட."

குனிந்து பார்த்தேன். தட்டில் சர்க்கரைக் கட்டி. பக்கத்தில் இனிப்பு. முதல் காபி.

எடுத்துவிடலாம். எடுத்தால் ரட்டோமிர் விடுதலையாவான். கூரை தப்பும். கை தட்டு வரை போய்த் திரும்பியது.

"கை தப்பாத்தான் வச்சுது," என்றேன். "எடுக்கப் போறதில்ல."

சர்க்கரைக் கட்டியைக் காபியில் நனைத்துக் கடித்தாள்.

"வாசல்ல யாரு நின்னா?"

சொன்னேன். லாரி எத்தனை, எத்தனை மணிக்கு, எல்லாம் சொன்னேன். ஒவ்வொன்றையும் இரண்டு தரம் கேட்டாள். பெற்ற பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டாவது காபி ஆறிய பிறகுதான் குரல் இறங்கியது.

"மஞ்சச் சட்டை. பெரியவனோடது, சின்னவனுக்குத் தொளதொளன்னு இருக்கும். பார்த்தியா?"

"பார்த்தேன். குப்பியில கொஞ்சம் தண்ணி இருந்துச்சு. தான் குடிக்காம அவங்கப்பாவுக்குக் குடுத்தான்."

தலையை மட்டும் ஆட்டினாள்.

சாராயேவோ நீதிமன்றத்தில் சாட்சி சொன்னேன். கூண்டில் இருந்தவனை ஷெஃபிகா ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் விழுந்துவிடாமல் பிடித்திருப்பவளைப் போல. அவனுக்கு இருபத்தெட்டு வருஷம் சிறை.

கூரை பிழைத்தது. ஊர்தான் போயிற்று. ரொட்டிக்கடைக்காரி ரொட்டியைக் கையில் தருவதில்லை, மேஜையில் எறிவாள். என் வாசற்படியை மிதிக்க ஆளில்லை. முதல் திங்கட்கிழமை மட்டும் கதவு தட்டும்.

"சாட்சி சொல்லியாச்சே, இன்னும் எதுக்கு வர்றே?" என்று ஒருதரம் கேட்டேன்.

"ஏழு வருஷக் காபி பாக்கி இருக்குல்ல? குடிச்சு முடிக்க வேணாமா?"

போன திங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கியது ஷெஃபிகா இல்லை. அவள் மகள் ஜெனிதா.

"அம்மா வெள்ளிக்கிழமை தவறிட்டாங்க, அத்தை. திங்கட்கிழமை நீங்க காத்துக்கிட்டிருப்பீங்கன்னு..."

அதே நாற்காலியில் உட்கார வைத்தேன். முதல் காபி வைத்தேன். இரண்டாவதும் வைத்தேன். பனியில் அவள் அம்மா நடந்து வந்த கதையைச் சொன்னேன். பெண்ணுக்கு அது தெரியாது.

தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது. ஜெனிதா எழுந்து, காலிக் கோப்பையைப் பார்த்துத் தயங்கினாள்.

"மூணாவது?"

"இந்த வீட்டுல இனிமே அது கிடையாது," என்றேன். "உட்காரு. சாயங்காலம் இன்னொரு பஸ் இருக்கு."