தீயணைப்பு பம்புக்கு நல்ல நேரம்

குப்பையை அள்ளுங்கள் என்று கவுன்சிலர் ஷம்சாத் கத்திக் கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். பெரியேரிப்பாக்கம் நகராட்சியின் மொத்தக் குப்பையும் அவள் வார்டு ஏரிக்கரையில்தான் வந்து விழுந்தது. போன மாதம் மகள் ஹஃபீசாவைப் பெண் பார்க்க வந்தவர்கள், தெருமுனையிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு ஆட்டோவைத் திருப்பிவிட்டார்கள். திறக்காத பிரியாணி அண்டாவைப் பார்த்து ஷம்சாத் அழுத அழுகை அல்லாவுக்குத்தான் தெரியும். இந்த ஞாயிற்றுக்கிழமை குரோம்பேட்டையிலிருந்து இன்னொரு வரன் வருகிறது. அதுவும் திரும்பிப் போனால் அவ்வளவுதான்.

நகராட்சித் தலைவர் தட்சிணாமூர்த்திக்கோ வேறு ஆசை. தீயணைப்பு பம்ப் வாங்க வேண்டும், ஊரே பார்க்க அதைத் தொடங்கிவைக்க வேண்டும். யாராவது குப்பை என்று வாயைத் திறந்தால், "அதெல்லாம் அப்புறம்மா, முதல்ல தீ!" என்பார். எங்கே ஐயா எரிகிறது என்று கேட்க ஒரு ஆளில்லை.

வாங்குவதற்கு முன் புதன்கிழமை பம்பைச் சோதித்துப் பார்ப்பதென்று நகராட்சிக் கூட்டத்தில் முடிவானது. எங்கே வைத்துக்கொள்வது என்று தலைவர் தாடையைத் தடவினார். ஷம்சாத் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மெல்ல எழுந்தாள்.

"எங்க வார்டுலயே வெச்சுக்கலாம் தலைவரே. தண்ணிக்கு ஏரி கீது. கொளுத்தக் குப்பை கீது. வேற இன்னா வேணும்?"

தலைவருக்கு வாயெல்லாம் பல்.

புதன்கிழமை ஏரிக்கரையில் பந்தல், மேளம் எல்லாம் அமர்க்களப்பட்டது. பம்ப் கம்பெனி ஆள் சுவிசேஷமுத்து ஏரியை எட்டிப் பார்த்தான். முகம் மாறிவிட்டது.

"சார், ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் தீ வைக்கலாமே?"

"பூஜை போடாத மெஷினை எவனாவது ஸ்டார்ட் பண்ணுவானா? பத்தரைக்குத்தான் நல்ல நேரம்!" என்று தலைவர் சீறினார்.

"அதானே!" என்றாள் ஷம்சாத்.

எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்தார்கள். தலைவர் தம் கையாலேயே குப்பைக்குத் தீ வைத்தார். பம்ப் உறுமியது. குழாய் முனையில் ஒரு சொம்புத் தண்ணீர் வந்தது, நின்றது. சுவிசேஷமுத்து ஏரிக்குள் கிடந்த குழாயை இழுத்துப் பார்த்தால், அதன் வாயில் பிளாஸ்டிக் பைகளும் ஒரு கிழிந்த பாவாடையும் அடைத்திருந்தன. எடுத்துவிட்டு மறுபடி போட்டான். மறுபடியும் அடைத்தது. அதற்குள் காற்று திரும்பி, புகை முழுவதும் தலைவர் மேலேயே வந்து கவிந்தது. வெள்ளைச் சட்டை போன இடம் தெரியவில்லை.

ஷம்சாத் கை காட்டினாள். தெருப் பெண்கள் தயாராக நிரப்பி வைத்திருந்த குடங்களோடு ஓடிவந்து தீயை அணைத்தார்கள்.

"மானமே போச்சேம்மா," என்று தலைவர் இருமினார்.

"பம்ப் மேல இன்னா தப்பு தலைவரே? குப்பை அடைச்சிகினா அது இன்னா பண்ணும் பாவம்! ஏரியையும் கரையையும் சுத்தம் பண்ணிட்டு மறுபடி ஓட்டுங்க. திங்கக்கிழமை முகூர்த்த நாள், காலண்டர்ல பாத்துட்டேன்."

மறுநாளே லாரிகள் வந்தன. சனிக்கிழமை இருட்டுவதற்குள் குப்பையெல்லாம் ஊருக்கு வெளியே வெட்டிக் கிடந்த குழிகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா வாசலில் நின்று, "காத்து இன்னா ஜிலுஜிலுன்னு வருது!" என்று வியந்தாள். அண்டா காலியானது. ஹஃபீசாவின் தலையில் அந்த அம்மாளே பூ வைத்தபோது ஷம்சாத் அடுப்படிக்குப் போய் ஒரு மூச்சு அழுதுவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை பம்ப் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தது. தலைவர் சின்னப் பிள்ளையாய்க் கைதட்டினார்.

அடுத்த கூட்டத்தில் தலைவர் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, கவுன்சிலர் ஜெயவேலு எழுந்துவிட்டார்.

"தலைவரே, அடுத்த சோதனை எங்க வார்டு குளத்துலதான்!"

அவர் பின்னால் இன்னும் நாலைந்து பேர் எழுந்தார்கள். ஜெயவேலு யாரையும் கண்டுகொள்ளாமல் ஷம்சாத் பக்கம் குனிந்தார்.

"அக்கா, எங்களுக்கும் ஒரு நல்ல நாள் பாத்துச் சொல்லுங்க."