கைதியின் தொடையில் ஒரு பெயர்

பிடிபட்ட கைதியின் பெயரை அவன் தொடையில் செதுக்குவது எங்கள் ஹாஷ்தூன் நகரத்து வழக்கம். கல்லில் இருக்கும் தொடையில்தான். அரசர் மூவான் பட்டத்துக்கு வந்து ஏழு வருஷத்தில் பிடித்த முதல் பகையரசன் என்பதால் கல்லும் பெரிது. கீழே முழங்காலிட்ட கைதி. மேலே அவன் தலைமயிரைப் பற்றியபடி அரசர், நிஜ வயிற்றில் பாதியோடு. சிற்பி எனக்குப் பெயர் மட்டும் பாக்கி. மூன்றாம் நாள் திருவிழாவில் கைதிக்குத் தலை போகும்.

கட்டிப்போட்டிருந்தவனிடம் போய்ப் பெயரைக் கேட்டேன்.

"சுலுல். ஆனா நான் ராஜா இல்லண்ணே, அவரோட சமையக்காரன். சண்டை நடக்கறப்ப கிரீடத்த என் தலையில வச்சு, 'கொஞ்சம் புடி, இதோ வந்துடறேன்'னு காட்டுக்குள்ள போனாரு. இன்னும் வரல."

அவன் விரல்களெல்லாம் அடுப்புத் தழும்பு. சொன்னால் என் தலை. சொல்லாவிட்டால் அவன் தலை. மறுநாள் காலையில் அவனையும் இழுத்துக்கொண்டு போய் அரசரிடம் சொல்லிவிட்டேன்.

அரசர் எழுந்து வந்து கல்லைச் சுற்றிப் பார்த்தார்.

"வயிறு நல்லா வந்திருக்கு. இன்னொரு கல்லுல இதே மாதிரி வருமா?"

"சந்தேகந்தான் சாமி."

"அப்ப இவன் ராஜாதான். வெட்டிடுங்க."

சுலுல் பதறவில்லை. "ராஜாவ வெட்டினா ஒரு நாள் பேச்சு, சாமி. தெனமும் உங்க அடுப்ப ஊத வச்சா, சுத்துப்பட்டு ஊரெல்லாம் வருஷம் பூரா பேச்சு."

அரசர் அவன் பக்கம் திரும்பினார். "வான்கோழிக் கொழம்பு வருமா?"

"பூசணி விதை அரைச்சு ஊத்துவேன்."

அன்றே அவன் கல்தொடையில் பகையரசனின் பெயரைச் செதுக்கினேன்.

இரண்டு மாதத்தில் அந்த நாட்டுத் தூதன் பச்சைக்கல் மாலைகளோடு வந்தான். மெலிந்திருந்தான்.

"எங்க... அவரத் திருப்பித் தரணும்."

"யார?" என்றார் அரசர், நிதானமாக. "ராஜாவயா?"

ஆமாம் என்றால் தப்பி ஊர் திரும்பியிருக்கும் அவன் அரசர் யார்? இல்லை என்றால் காட்டுக்குள் ஓடியது யார்? அதற்குள் சுலுல் குழம்பு ஊற்றிய, ஆவி பறக்கும் சோளக் கொழுக்கட்டையை இலையோடு கொண்டுவந்து தூதன் கையில் வைத்தான். சபை முழுவதும் பதிலுக்குக் காத்திருந்தது. தூதன் கண்ணை மூடி மென்றுகொண்டிருந்தான். குழம்பு முழங்கை வழியே இறங்கி, அரசருக்குக் கொண்டுவந்த மாலைகளின்மேல் சொட்டியது.