பொன்னுத்தாயின் கிணறு

சபீனா மேடத்தோடு வேலை பார்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. எல்லாம் முடிந்தது என்று நாம் மூட்டை கட்டும்போதுதான் அவர் ஆரம்பிப்பார்.

வையம்பட்டிப் பக்கத்து ஊரொன்றில் நிலத்தடி நீரை ஆராய்ந்தோம். கிணற்றின் நீர்மட்டத்தை விவசாயிகளே அளந்து அனுப்பினார்கள். எல்லாத் தகவலையும் யாரும் பார்க்கும்படி இணையத்தில் வெளியிடுவது எங்கள் ஆய்வு நிலையத்தின் கொள்கை. ஊர்க்கூட்டத்தில் அதை விளக்கினேன். முன்வரிசை ஆண்கள், "சரிங்க சார்" என்றார்கள். ஸ்ரீரங்கத்து வீட்டுக்குப் போகிற அவசரத்தில் நான் லேப்டாப்பை மூடினேன்.

மேடம் பின்னால் போய்ப் பெண்களோடு தரையில் உட்கார்ந்தார். "இது வெளிய வந்தா யாருக்காவது கஷ்டம் வருமாக்கா? சும்மா சொல்லுங்க."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கோ எரிச்சல். மேடம் நகர்வதாக இல்லை. கடைசியில் பொன்னுத்தாய் என்ற பெண் பேசினார்.

"கோடையிலயும் என் கிணத்துல தண்ணி நிக்குதுங்க. அது தெரிஞ்சா டேங்கர் லாரிக்காரங்க பக்கத்து நிலத்தை வாங்கி போர் போட்டுருவாங்க. அப்புறம் என் கடலை கருகிரும்."

எனக்குச் சுருக்கென்றது. திறந்து வைப்பதில் கெடுதலும் இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை.

திருச்சி திரும்பியதும் மேடம் மேலிடத்தோடு மல்லுக்கட்டினார். "மறைச்சா அது எப்படி திறந்த அறிவியல்?" என்றார்கள்.

"கிணத்துக்காரங்களக் கேக்காம கதவைத் திறக்க நாம யாரு சார்?" என்று மேடம் போனிலேயே கேட்டார். அந்த நெஞ்சுரம் எனக்கு வராது. சொல்வதில் வெட்கமில்லை, அன்று அவரைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

கொள்கையே மாறியது. நிலத்தடி நீர் எவ்வளவு இறங்குகிறது என்பதை எல்லோரும் பார்க்கலாம். எந்தக் கிணற்றில் எவ்வளவு என்பதை, கிணற்றுக்காரர்களே சேர்ந்து அமைத்த ஊர்க்குழு சம்மதித்தால்தான் பார்க்க முடியும்.

போன வாரம் எங்கள் தில்லை நகர் அலுவலகத்துக்கு ஒருவர் காரில் வந்தார். டேங்கர் லாரிகள் வைத்திருக்கிறாராம்.

"எல்லாருக்கும் பொதுன்னு போட்டிருக்கீங்க. எந்தக் கிணறுன்னு காணோமே?"

"அதுக்கு ஊர்க்குழு தலைவர் சம்மதிக்கணுங்க," என்றார் மேடம்.

"அவ்வளவுதானே! எந்த ஆபீசர்னு சொல்லுங்க, நான் பேசிக்கறேன்."

"ஆபீசர் இல்லைங்க. பேரு பொன்னுத்தாய். செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்டத்துக்கு வாங்க. எதுக்கு வேணும்னு எல்லார் முன்னாடியும் அவங்ககிட்ட சொல்லுங்க."

நாங்கள் வாங்கி வைத்த டீயைக்கூடக் குடிக்காமல் அவர் கிளம்பினார். செவ்வாய்க்கிழமை வரவேயில்லை.